மோல் கணக்கும் செம்பனைக் குலையும்

கேள்வி: வணக்கம் டீச்சர். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உர ஸ்டோர் பார்க்கிறேன். மகன் படிவம் 4, அறிவியல் பிரிவு. வேதியியலில் சூத்திரங்களை எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் மோல் கணக்கு என்று வந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறான். எந்த எண்ணை எதால் வகுப்பது என்று தெரியவில்லையாம். போன சோதனையில் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு வந்துவிட்டான். டவுனில் டியூஷன் சேர்த்தும் மாற்றம் இல்லை. நானோ படிவம் 3-ஓடு படிப்பை நிறுத்தியவன். வீட்டில் அவனுக்கு எப்படி உதவுவது?

பதில்: வணக்கம் அண்ணே. தம்பி தடுமாறுகிற கணக்கை உங்கள் தோட்டத்தில் தினமும் போடுகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெட்டிய குலைகளைச் சாலையோரம் அடுக்கி எண்ணிப் பதிகிறார்கள். குலைக்குக் குலை யாரும் தராசில் வைப்பதில்லை. லாரி ஆலைக்குப் போனதும் எடைமேடையில் மொத்த எடை தெரிந்துவிடும். ஒரு குலை சராசரியாக 20 கிலோ என்றால், 6,000 கிலோ ஏற்றிய லாரியில் எத்தனை குலை? 300 என்று நீங்கள் மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவீர்கள். மொத்த எடையை ஒன்றின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை வரும். எண்ணிக்கையை ஒன்றின் எடையால் பெருக்கினால் மொத்த எடை வரும். மோல் கணக்கின் முதுகெலும்பு இதுதான். குலைக்குப் பதில் மோல், சராசரிக் குலை எடைக்குப் பதில் மோலார் நிறை (ஒரு மோலின் எடை), அவ்வளவே.

அணு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதனால் ஒவ்வொன்றாக எண்ணாமல், வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிற மாதிரி ஒரு பெரிய கட்டாகக் கட்டி எண்ணுகிறார்கள். அந்தக் கட்டின் பெயர்தான் மோல். ஒரு கட்டில் 6.02 × 10²³ துகள்கள். (2019 மே 20 முதல் இந்த எண்ணை 6.02214076 × 10²³ என்று துல்லியமாக நிர்ணயித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு 6.02 போதும்.) அந்த எண்ணைப் பார்த்துத் தம்பி மிரள வேண்டாம். பெரும்பாலான கணக்குகளில் அது வரவே வராது. ஒரு மோல் தண்ணீர் என்பது வெறும் 18 கிராம், ஒரே மடக்கில் குடித்துவிடலாம்.

சரி, தம்பி ஏன் பாதியில் நிற்கிறான்? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சூத்திரம் அவனுக்குத் தெரிகிறது, கையில் இருக்கிற எண் எதன் எண் என்பதுதான் தெரியவில்லை. பல பிள்ளைகள் ஒரு முக்கோணத்தை வரைந்து, மேலே எடை, கீழே மோலும் மோலார் நிறையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அந்த முக்கோணத்தில் நம்பிக்கை இல்லை. கேள்வி நேராக வந்தால் அது கைகொடுக்கும். கொஞ்சம் சுற்றி வந்தால், 5 கிராமைக் கொண்டுபோய் வாயுவின் கன அளவுக்குரிய 24-ஆல் வகுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முக்கோணத்துக்குப் பதில் ஒரே ஒரு பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்: எந்த எண்ணையும் தனியாக எழுதக் கூடாது. பக்கத்தில் அலகும் வேண்டும், பொருளின் பெயரும் வேண்டும். "5" என்று எழுதாமல் "5 கிராம் கால்சியம் கார்பனேட்" என்று எழுதட்டும். கை வலிக்கும், முணுமுணுப்பான். இரண்டு வாரம் விடாமல் செய்ய வையுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். ஈப்போ பக்கம் போகும்போது சாலையோரம் சுண்ணாம்புக்கல் குன்றுகளைப் பார்க்கிறோமே, அதன் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். கேள்வி இப்படி வரும்: 5 கிராம் கால்சியம் கார்பனேட்டோடு மிகையான ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. அறை நிலையில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் கன அளவு என்ன? அணு நிறை: கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. அறை நிலையில் ஒரு மோல் வாயுவின் கன அளவு 24 கன டெசிமீட்டர்.

முதலில் சமன்பாடு. ஒரு கால்சியம் கார்பனேட் இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து, ஒரு கால்சியம் குளோரைடு, ஒரு தண்ணீர், ஒரு கார்பன் டை ஆக்சைடு தருகிறது. இது சமன் ஆகாமல் கணக்கைத் தொடவே கூடாது.

அப்புறம் ஒரு மோல் கால்சியம் கார்பனேட்டின் எடை. ஆக்சிஜன் மூன்று இருக்கிறது, ஆக 40 + 12 + 48 = 100 கிராம். கையில் இருப்பது 5 கிராம். 5 ÷ 100 = 0.05 மோல் கால்சியம் கார்பனேட். லாரி எடையைக் குலை எடையால் வகுத்த அதே வேலை.

இப்போது சமன்பாட்டைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று. ஆகவே கார்பன் டை ஆக்சைடும் 0.05 மோல். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாண்டுகிற இடம் இது மட்டும்தான், அதுவும் மோலில் இருக்கும்போது மட்டும்தான் தாண்டலாம். கிராமிலிருந்து கிராமுக்கு நேராகத் தாவுகிற பிள்ளைகள் இங்கேதான் விழுகிறார்கள்.

கடைசியில் 0.05 × 24 = 1.2 கன டெசிமீட்டர் கார்பன் டை ஆக்சைடு. ஒரு கன டெசிமீட்டர் என்றால் ஒரு லிட்டர்தான். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் குறைவு, நம்பும்படி இருக்கிறது. தம்பிக்கு 120 என்று வந்திருந்தால்? 200 லிட்டர் எண்ணெய் டிரம்மில் பாதிக்கு மேல். ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்புத் தூளிலிருந்து அவ்வளவு வாயு வராது. விடையை இப்படி ஒரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 100-ஆல் வகுக்காமல் 5-ஐ நேராக 24-ஆல் பெருக்கியது உடனே தெரிந்துவிடும்.

இதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்பார்கள்: அந்த 5 கிராமும் முழுதாகக் கரைய, ஒரு கன டெசிமீட்டரில் 2 மோல் உள்ள அமிலம் குறைந்தது எவ்வளவு வேண்டும்? இப்போது ஒன்றுக்கு இரண்டு. 0.05 மோல் கார்பனேட்டுக்கு 0.1 மோல் அமிலம். 0.1 ÷ 2 = 0.05 கன டெசிமீட்டர், அதாவது 50 கன சென்டிமீட்டர். நிறையப் பேர் 25 என்று எழுதிவிட்டு வருவார்கள். சமன்பாட்டில் இருக்கிற அந்த 2-ஐ மறந்ததுதான் காரணம்.

அந்த 2-ஐ வேண்டாத இடத்தில் நுழைப்பதும் உண்டு. இரண்டு மக்னீசியம் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து இரண்டு மக்னீசியம் ஆக்சைடு ஆகிறது. 2.4 கிராம் மக்னீசியம் கொடுத்தால், முன்னால் 2 இருக்கிறதே என்று 48-ஆல் வகுப்பார்கள். தப்பு. மக்னீசியத்தின் ஒரு மோல் எப்போதும் 24 கிராம்தான். லாரியில் இரண்டு குலை ஏற்றினால் ஒரு குலையின் எடை கூடிவிடுமா? 2.4 ÷ 24 = 0.1 மோல் மக்னீசியம், இரண்டுக்கு இரண்டு என்பதால் 0.1 மோல் ஆக்சைடு. அதன் ஒரு மோல் 40 கிராம், ஆக விடை 4 கிராம்.

இன்னொன்று, மொழி. தம்பி மலாயில் படிக்கிறான் என்றால், கணக்குக்கு முன்னாலேயே கேள்வி அவனைத் தடுத்திருக்கலாம். 'ஜிசிம்' வந்தால் நிறை, 'இசி பாடு' வந்தால் கன அளவு, 'கெப்பெகாத்தான்' வந்தால் செறிவு. 'பெர்லெபிஹான்' என்ற சொல்லைப் பார்த்தால் உடனே கோடு போடச் சொல்லுங்கள். தேவைக்கு அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பொருளை வைத்துக் கணக்குத் தொடங்கக் கூடாது. எது அளவோடு கொடுக்கப்பட்டிருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கன சென்டிமீட்டரில் கொடுத்திருந்தால் 1,000-ஆல் வகுத்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும். இது சின்ன விஷயம், ஆனால் மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

இனி உங்கள் பங்கு. அவன் புத்தகத்தை விரித்து உட்காரும்போது பக்கத்தில் இருந்து மூன்றே கேள்வி கேளுங்கள். என்ன கொடுத்திருக்கிறார்கள்? என்ன கேட்கிறார்கள்? இந்த எண் எதோட எண்? இதற்கு உங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் பதில் சொல்லத் திணறினால், அந்த இடத்தில்தான் சிக்கல் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். ஒரு இரவுக்கு மூன்று கணக்கு போதும். இருபது கணக்கை அரைகுறையாகப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டியூஷனை நிறுத்த வேண்டாம், இன்னொன்று சேர்க்கவும் வேண்டாம். ஆனால் அங்கே விடையை மட்டும் சரிபார்க்கிறார்களா, செய்முறையையும் பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள். வெறுமையாக விட்ட பக்கத்தைப் பற்றித் திட்டாதீர்கள் அண்ணே. படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வின் விடைத்தாளில் படிப்படியாகச் செய்கிற கணக்குக்குப் படிக்குப் படி மதிப்பெண் உண்டு. சமன்பாட்டையும் முதல் மோலையும் சரியாக எழுதினாலே ஏதாவது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியட்டும்.

ஒரு சனிக்கிழமை அவனை ஸ்டோருக்குக் கூட்டிப் போங்கள். யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 விழுக்காடு என்று போட்டிருக்கும். அது எப்படி வந்தது? யூரியாவில் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். 12 + 16 + 28 + 4 = 60. அதில் நைட்ரஜன் 28. 28-ஐ 60-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 46.7. மூட்டையில் கொஞ்சம் ஈரமும் கலப்பும் இருப்பதால் 46 என்று போடுகிறார்கள். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன்.

இதை நீங்கள் செய்து காட்டிவிட்டு, அடுத்த அடுக்கில் இருக்கும் அமோனியம் சல்பேட்டை அவனிடம் விட்டுவிடுங்கள். நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் எட்டு, கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. கந்தகத்தின் அணு நிறை 32. மூட்டையின் எழுத்துள்ள பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அவனுக்கு 21-ஐ ஒட்டி விடை வந்ததும் மூட்டையை அவனே திருப்பிப் பார்க்கட்டும்.