வற்றிய கடலும் தூரத்துப் புள்ளிகளும்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்தில் பாகான் ஆஜாம் பக்கம் குடியிருக்கிறோம். வலசைப் பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மார்ச் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிவாக்கில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தெலுக் ஆயர் தாவார் கடற்கரைக்குப் போனேன். கடல் எங்கோ வற்றிக் கிடந்தது. சேற்றின் மறுகோடியில் புள்ளி புள்ளியாய் ஏதோ நகர்ந்தது. பைனாகுலரில் பார்த்தால் எல்லாமே கறுப்பு. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று இறங்கினோம். முப்பது அடிகூடத் தாண்டவில்லை, முழங்கால்வரை இழுத்துவிட்டது. பறவைகளும் எழும்பிப் போய்விட்டன. "சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு, நாமதான் விரட்டிட்டோம்" என்று மகள் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போக வேண்டும்? அவ்வளவு தூரத்தில் நிற்பதை எப்படி இனம் பிரிப்பது? வசந்தகால வலசை என்கிறார்களே, நம் ஊரில் வசந்தம் ஏது?

இன்னொன்று. போன வாரம் விடியற்காலையில் எங்கள் புளோக்கின் கீழே ஒரு பறவை விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, நீலச் சிறகு, கண் மேல் கறுப்புப் பட்டை, வால் அடியில் சிவப்பு. வால் இருப்பதே தெரியவில்லை. வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். சிறிது நேரத்தில் இறந்துவிட்டது. அது என்ன பறவை?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் அவசரம். ஏப்ரல் முடியும்வரை இன்னும் சில பறவைகள் அப்படி விழும்.

நீங்கள் பார்த்தது நீலச்சிறகு ஆறுமணிக்குருவி. சுமத்ரா, போர்னியோ பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, தாய்லாந்து, மியன்மார் பக்கம் கூடு கட்டத் திரும்பும் பறவை. இரவில் பறக்கும். உயரமான கட்டடங்களின் விளக்கு அதைத் திசை தடுமாற வைக்கிறது. கண்ணாடி அதற்குக் கண்ணாடியாகவே தெரிவதில்லை. நீங்கள் தண்ணீர் ஊற்றியதால்தான் இறந்தது என்று நினைத்து வருந்தாதீர்கள். தலையில் பட்ட அடியே பல பறவைகளைக் கொன்றுவிடுகிறது. ஆனால் அடுத்த முறை தண்ணீர் வேண்டாம். மயங்கிய பறவைக்கு விழுங்கத் தெரியாது, நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒரு அட்டைப்பெட்டியின் பக்கங்களில் பென்சிலால் நாலைந்து துளை போடுங்கள். அடியில் பழைய துண்டை விரியுங்கள், கால் வழுக்காமல் இருக்கும். பறவையை இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து மெதுவாக எடுத்து உள்ளே வைத்து மூடி, சத்தமும் பூனையும் இல்லாத இருட்டறையில் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் திறந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினம். உள்ளே கால் பிறாண்டும் சத்தம் கேட்டால், பகலிலேயே மரம் செடி அடர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். மேலே வீசிப் பறக்கவிட வேண்டாம். ஒரு சிறகு தொங்கினாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிட வேண்டியதுதான்.

புளோக் நிர்வாகத்திடம் இரண்டு காரியம் கேளுங்கள். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இரவு பத்து மணிக்கு மேல் தேவையில்லாத மாடி விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கோலப்புள்ளி வைப்பதுபோல வரிசையாகப் புள்ளி ஒட்டச் சொல்லுங்கள். புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. ஒரே ஒரு பருந்துப் படத்தை நடுவில் ஒட்டிவைப்பது வீண், சுற்றியுள்ள வெற்றிடத்தில் பறவை மோதும்.

இனி கடற்கரைக்கு வருவோம்.

வசந்தம் நமக்கு இல்லை, அது பறவைகள் போகும் ஊரில் இருக்கிறது. சைபீரியாவில் பனி உருகிப் பூச்சிகள் பெருகும் காலம் மிகக் குறுகியது, அதற்குள் அங்கே போய் முட்டையிட்டாக வேண்டும். பினாங்கில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. அவ்வளவு சிறிய மாற்றம் கிளம்பும் நாளைச் சொல்லப் போதாது. உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரம்தான் அவற்றைக் கிளப்புகிறது. மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானவை போய்விடும். ஜூனில் அங்கே சாம்பல் நிறத்தில் சில நின்றால், வழி தவறியவை என்று எண்ண வேண்டாம். முதல் வயதுப் பறவைகள் பல அந்த ஆண்டு வடக்கே போவதே இல்லை.

நீங்கள் போன இடத்தில் தப்பில்லை. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையுள்ள அந்தக் கரையை உலக அளவில் முக்கியமான பறவைப் பகுதி என்று பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் குறித்திருக்கிறது. நேரம்தான் இரண்டு வகையில் உங்களுக்கு எதிராக இருந்தது. அந்தக் கரை மேற்கே பினாங்குத் தீவைப் பார்த்தது. மாலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், ஈரச் சேறு அந்த ஒளியைத் திருப்பி எறியும், நடுவில் நிற்கும் பறவை நிழலுருவமாகிவிடும். எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய பைனாகுலரிலும் அது கறுப்புதான். காலையில் போனால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், இறகின் விளிம்புவரை தெரியும். இது முதல் கணக்கு. இரண்டாவது கணக்கு ஓதம். கடல் ஏறுவதை மலாய்க்காரர்கள் பாசாங் என்றும், வற்றுவதைச் சூருட் என்றும் சொல்வார்கள். சூருட்டில் பறவைகள் நீர் விளிம்போடு கடலுக்குள் போய்விடும். பாசாங் ஏற ஏற, மிச்சமிருக்கும் சேற்றுக்குத் தண்ணீரே அவற்றை ஒதுக்கிக்கொண்டு வரும். நீங்கள் கிட்டே போகத் தேவையில்லை, இடத்தைப் பிடித்து உட்கார்ந்தால் போதும்.

ஏற்றம் ஆறு மணி நேரம் என்று வையுங்கள். தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் ஏறிவிடும். தட்டையான சேற்றில் அது நடக்கும் வேகத்தில் வருவதுபோல இருக்கும். ஆகவே உச்ச ஏற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தாமதம். இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் பினாங்கில் சூரியன் உதிக்க ஏழே காலைத் தாண்டிவிடும். பதினொரு மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பி எல்லாவற்றையும் நெளிய வைக்கும். இவ்வளவையும் சேர்த்தால், உச்ச ஏற்றம் காலை ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் விழும் நாள்தான் உங்கள் நாள். ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். ஏற்றம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால், அப்படிப்பட்ட காலைகள் தொடர்ந்து இரண்டு மூன்று வரும், பிறகு இரு வாரம் கழித்துத் திரும்ப வரும். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து நான்கு தடவை, அவ்வளவுதான். நேரத்தையும் மீட்டர் கணக்கில் உயரத்தையும் நில அளவைத் துறையான ஜூபெம் வெளியிடும் ஓத அட்டவணையில் பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

உயரத்தையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். சேறு முழுக்க மூழ்கி, பறவைகள் உங்கள் தலைக்கு மேலே பறந்து பின்னாலுள்ள இறால் குளத்துக்கும் வயலுக்கும் போய்விடும். அஷ்டமி, நவமி கழிந்த நாட்களில் கடல் சோம்பிக் கிடக்கும், கடைசிவரை சேறு மிஞ்சுவதால் பறவைகள் தூரத்திலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள உயரம்தான் நல்லது. வீட்டில் தினசரிக் கிழிக்கும் காலண்டர் இருந்தால் திதியைப் பார்த்தே பாதி கணித்துவிடலாம்.

கருவிக்கு வருகிறேன். 8×42 பைனாகுலர் போதும், ஆனால் அந்தக் கரைக்கு முக்காலியில் வைத்த ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) இருந்தால்தான் மனம் நிறையும். 20-60 மடங்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து அறுபதுக்குத் திருப்ப வேண்டாம். கானல்தான் பெரிதாகும். 25, 30 போதும். முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாமல் உட்கார்ந்து பாருங்கள், காற்றில் ஆடாது, உங்கள் உருவமும் வானத்தின் முன் தெரியாது. ஏர்கோன் காரில் வந்து இறங்கியதும் லென்ஸ் வெளியே பனி படியும், துடைத்தாலும் மறுபடி படியும். பைனாகுலரைக் காரின் பின்பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள், இந்தத் தொல்லை இருக்காது.

இனம் பிரிக்க நிறத்திலிருந்து தொடங்காதீர்கள், நடையிலிருந்து தொடங்குங்கள். ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. தலையைத் தூக்காமல் தையல் மிஷின் ஊசிபோலக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. நீண்ட அலகை அடிவரை சேற்றில் இறக்கினால் மூக்கன். மூக்கன்களின் நடுவே நேரான, முழுக்கக் கறுத்த, நுனி சற்றுத் தடித்த அலகோடு உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டிக் குத்தும் ஒன்றைக் கண்டால் நின்று பாருங்கள், ஆசிய டவிச்சராக இருக்கலாம். பச்சைக்காலிகளை இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சாதாரணப் பச்சைக்காலிக்குக் கால் நீளம், பச்சை கலந்த சாம்பல், பறக்கும்போது 'டியூ டியூ டியூ' என்று மூன்று தரம் கூவும். கால் குட்டையாகவும் மஞ்சளாகவும் இருந்து, அலகு அடியில் தடித்து இருநிறமாக இருந்து, நண்டைத் துரத்திக் குனிந்தபடி ஓடினால் அது நார்ட்மன் பச்சைக்காலி. அழியும் ஆபத்தில் உள்ள இனம். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் அதன் கூட்டை 2019இல்தான், பல பத்தாண்டு கழித்து, திரும்பக் கண்டார்கள். அதைப் பார்க்க உலகத்தின் பல மூலையிலிருந்து ஆட்கள் வரும் கரை உங்கள் வீட்டிலிருந்து சில நிமிடத் தொலைவில் இருக்கிறது.

செப்டம்பரைவிட இப்போது பார்ப்பது எளிது. அப்போது வருபவை எல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். இப்போது கல்யாணத்துக்குக் கிளம்பும் கோலம். வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாகிவிடும். சாம்பல் உப்புக்கொத்திக்கு முகமும் மார்பும் கருத்துவிடும். சிறு மணல் உப்புக்கொத்தியை அண்மையில் இரண்டு இனமாகப் பிரித்தார்களே, அவற்றைச் சுலபமாகப் பிரித்தறிய இந்தச் சில வாரம்தான் வாய்ப்பு. நெற்றி கறுப்பாக இருந்தால் திபெத்தியது, வெள்ளையாக இருந்தால் சைபீரியது. காலில் ஆய்வாளர்கள் மாட்டிவிட்ட நிறக்கொடி தெரிந்தால் படம் எடுங்கள். அது மாட்டப்பட்ட ஊரை நிறம் சொல்லும். மஞ்சள் என்றால் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு, ஆரஞ்சு என்றால் விக்டோரியா, கறுப்பும் வெள்ளையும் என்றால் ஷங்காய் அருகே சோங்மிங். எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எழுத்து என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். வலது இடது பறவைக்குரியது, உங்களுக்குரியது அல்ல. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

சேற்றில் இறங்கியதைப் பற்றி மனம் விட்டுச் சொல்கிறேன், கோபமில்லை. ஸ்கோப்பில் ஒரு மூக்கனைப் பக்கவாட்டில் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் கால்களுக்குப் பின்னே வயிறு தட்டையாக இருக்கும். ஏப்ரலில் அதே இடம் சரிந்து தொங்கும், வால் தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். அத்தனையும் கொழுப்பு, அடுத்த பயணத்துக்கான எரிபொருள். ஒவ்வொரு முறை விரட்டி எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது, தின்னும் நேரமும் போகிறது. முன்பு வழியில் மஞ்சள் கடலோரம் இறங்கி நிரப்பிக்கொள்ளத் தாராளமாக இடம் இருந்தது. தென் கொரியாவில் 33 கிலோமீட்டர் நீளமுள்ள சேமாங்கும் தடுப்புச்சுவரை 2006இல் மூடியபோது பெரிய உள்ளான்கள் நம்பியிருந்த மாபெரும் சேற்றுவெளி ஒன்று போய்விட்டது. அதனால் இங்கே சேரும் கொழுப்புக்கு இப்போது மதிப்பு அதிகம். கேராங் சிப்பி பொறுக்குபவர்கள் நடந்தால் பறவைகள் அவ்வளவாக அசைவதில்லை, அவர்கள் தினமும் அங்கே இருப்பவர்கள். புதிதாக நேர்கோட்டில் தங்களை நோக்கி வருபவரைத்தான் அஞ்சும். தின்பதை நிறுத்தித் தலையை உயர்த்தினாலே நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பத்து அடி பின்வாங்கி உட்காருங்கள், மறுபடி குனிந்து தின்னத் தொடங்கும்.

உங்கள் மகளுக்கு ஒரு பதில் தர வேண்டும். சும்மா நிற்கவில்லை. கடல் வற்றிக் கிடக்கும்போது அவை தின்னும். உச்ச ஏற்றத்தில் ஒற்றைக்காலில் நிற்பதுகூடத் தின்றதைச் செரிக்க, தண்ணீர் வற்றும்வரை சக்தியை மிச்சம் பிடிக்க. மாலை நேரம் பறவை பார்க்க மோசம் என்று மேலே சொன்னேன், ஒரு விலக்கு உண்டு. மார்ச் பிற்பாதியிலிருந்து, வானம் தெளிந்த நாளில், ஏற்றம் மாலைப் பக்கம் வந்தால், சூரியன் மறைவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் மகளைக் கூட்டிப்போங்கள். பைனாகுலரைவிடக் காதுதான் முக்கியம். ஒரு கூட்டம் மட்டும் இறகைக் கோதிக்கொண்டு நிலைகொள்ளாமல் கத்திக்கொண்டே இருக்கும். பிறகு ஐம்பது அறுபது பறவைகள் எழும்பி, வழக்கம்போலத் தாழப் பறந்து வேறொரு திட்டில் இறங்காமல், கத்தியபடியே உயரம் ஏறும். அம்புமுனைபோல வரிசை கட்டும். சில நேரம் இரண்டொன்று மனம் மாறி அவசரமாகக் கீழே திரும்பி வந்து சேற்றில் இறங்கும். மற்றவை கெடா பக்கம், வடக்கே போகும். இறங்கியவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். சில நிமிடத்தில் மறுபடி தின்னத் தொடங்கும்.