நிகழ்தகவை மாணவர்களுக்கு எளிதாகப் புரியவைப்பது எப்படி?

சீட்டுக்கட்டை விட்டுவிட்டுத் தாயக்கட்டையை எடுங்கள்.

மேலூர் பக்கம் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். முதலில் நானும் 52 சீட்டில்தான் தொடங்கினேன். ஸ்பேடு எது, கிளாவர் எது என்று படம் போட்டுக் காட்டுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. மறுநாள் நிஜச் சீட்டுக்கட்டைக் கொண்டுபோனேன். அன்றைக்கே ஒரு அம்மா வாசலில் வந்து நின்று, "இவங்க அப்பா சீட்டாடுறது பத்தாதா சார்?" என்றார். அதோடு சரி.

வீட்டில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை கிடந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் வாங்கியது. ஒவ்வொரு கட்டையிலும் நீளவாக்கில் நான்கு பக்கம். ஒன்று வெறும் பக்கம், மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டிலும் வெறும் பக்கம் விழுந்தால் 12. ஆக, விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு எண்கள்.

"எது அதிகமா விழும்?" என்று கேட்டு, உருட்டும் முன்பே ஆளுக்கொரு எண்ணை நோட்டில் எழுதிவைக்கச் சொல்வேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பந்தயம் கட்டியவனுக்குத்தான் விடையில் அக்கறை. பாதிப் பேர் "ஏழு எண்ணு, அதனால எல்லாத்துக்கும் 1/7" என்பார்கள். நான் மறுக்க மாட்டேன். எட்டுப் பேர், ஆளுக்கு 20 தடவை, மொத்தம் 160 உருட்டல். கோடு போட்டு எண்ணிக்கொண்டே வரும்போது 3-க்கு நேரே மட்டும் கோடுகள் வரிசை தாண்டும். 12-க்கு நேரே காற்றாடும். "ஏன்?" என்று அவர்களே கேட்ட பிறகுதான் பலகையில் நாலுக்கு நாலு கட்டம் போடுவேன். 16 கட்டத்தில் 3 வருவது நான்கில், தாயம் (அதாவது 1) இரண்டில், 12 ஒன்றே ஒன்றில். விழக்கூடிய எல்லா விளைவுகளும் சேர்ந்ததுதான் கூறுவெளி; அந்தச் சொல் அப்போது வந்தால் போதும்.

அடுத்த நாள் புளியங்கொட்டை. ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்க்க வேண்டும். (தேய்த்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையில் வைப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.) கொட்டை கட்டை மாதிரி ஒழுங்கானது இல்லை. வெள்ளை மேலே விழ எத்தனை வாய்ப்பு என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. போட்டுப் போட்டு எண்ணித்தான் ஆக வேண்டும். இப்படிச் செய்துபார்த்து எண்ணிக் கண்டுபிடிக்கும் பட்டறி நிகழ்தகவு எதற்கு என்று நான் விளக்கவே தேவைப்படவில்லை.

"எட்டுத் தடவையா தாயம் விழல, அடுத்தது விழுந்தே தீரும்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒன்பதாவதிலும் 1/8 தான். எட்டு உருட்டலில் ஒரு தாயம்கூட விழாமல் போக ஏறக்குறைய 34 சதவீதம் வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினால் கொஞ்சம் அடங்குவான். முழுசாக நம்ப மாட்டான். சிவராத்திரிக்குக் கண்விழித்துத் தாயம் ஆடும் வீடுகளில் அப்பத்தாக்கள் சொல்லிக்கொடுத்தது அப்படி.

இந்தச் சோதனைகளை மட்டும் வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். காசை 100 தடவை சுண்டி எழுதிக்கொண்டு வா என்றேன். ஒருவன் பூ, தலை, பூ, தலை, தலை, பூ என்று அழகாகக் கலந்து எழுதியிருந்தான், சரியாக ஐம்பதுக்கு ஐம்பது. எந்த இடத்திலும் ஒரே பக்கம் மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து வரவில்லை. நிஜமாகவே 100 தடவை சுண்டினால், ஐந்து தடவை தொடர்ந்து ஒரே பக்கம் விழுவது எங்கேயாவது பெரும்பாலும் இருக்கும். "சுண்டுனியாடா?" என்றேன். "காசு இல்ல சார்" என்றான்.