கேபிள் இணையத்தில் பல வீடுகள் ஒரே கம்பியைப் பகிரும்போது தரவு நெரிசலை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?

கீழ்நோக்கி, அதாவது வீடுகளுக்கு வரும் தரவில் சிக்கல் குறைவு. அனுப்புவது ஒரே கருவி. மேல்நோக்கி, அதாவது வீடுகளிலிருந்து அனுப்பும்போதுதான் உண்மையான வேலை. ஒரு மோடம் அனுப்புவது அடுத்த வீட்டு மோடத்துக்குக் கேட்காது. நினைத்தபோது அனுப்பினால் மோதல்தான். எனவே டாக்சிஸ் என்ற கேபிள் இணையத் தரநிலையில் மோடம் முதலில் இடம் கேட்கிறது. சி.எம்.டி.எஸ். என்ற மையக் கருவி, யார் எப்போது அனுப்பலாம் என்று அட்டவணை வெளியிடுகிறது.

பரவலாக்கப்பட்ட அமைப்பில் இக்கருவியின் ஒரு பகுதி, வீடுகளுக்கு அருகிலுள்ள கணு என்ற இணைப்புப் பெட்டிக்கு நகர்கிறது. 'ரிமோட் ஃபை' முறையில் சிக்னலை உருவாக்கும் பகுதி மட்டும் போகிறது. அட்டவணை மையத்திலேயே தயாராகிறது. அதனால் இரு முனைகளின் கடிகாரங்களும் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். தொலைவு கூடினால் கோரிக்கைக்கும் அனுமதிக்கும் இடையிலான தாமதமும் கூடும். 'ரிமோட் மேக்-ஃபை' அட்டவணையிடலையும் கணுவுக்கே கொண்டுபோகிறது. தாமதம்தான் முக்கியமென்றால் என் தேர்வு இதுவே.

வேகத்தை மட்டும் கூட்டினால் போதாது என்பதை அழுத்திச் சொல்வேன். மோடத்தின் வரிசையில் தரவு தேங்கினால் எவ்வளவு வேகமான இணைப்பிலும் வீடியோ அழைப்பு திணறும். டாக்சிஸ் 3.1, காத்திருப்பு நேரத்தைக் கணித்து, வரிசை நிரம்புமுன்பே சில பொட்டலங்களை (தரவுத் துண்டுகளை) கைவிடும் முறையை மோடங்களுக்குக் கட்டாயமாக்கியது. அதைக் கண்டு அனுப்பும் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.