செயப்பாட்டுவினைக்கு இடமில்லாத வேலை

அன்புள்ள தங்கைக்கு,

அட்லாண்டாவில் இதழியல் முதுகலை முடித்து ஓ.பி.டி.யில் (படிப்பு முடிந்த வெளிநாட்டு மாணவருக்கான தற்காலிக வேலை அனுமதியில்) இருக்கும் உங்களுக்கு, அலபாமாவின் மாண்ட்கோமரியில் உள்ள ஒரு குடிமை உரிமை அமைப்பிலிருந்து ஸ்டாஃப் ரைட்டர் (அமைப்பிலேயே சம்பளத்துக்கு எழுதுபவர்) வேலைக்கு அழைப்பு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விசா கிடைக்குமா, அந்த வேலையில் உண்மையில் என்னதான் செய்வார்கள், கறுப்பின மக்களைப் பற்றி எழுத வெளியிலிருந்து வந்த நமக்கு என்ன தகுதி என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் இதே வேலையில் 11 ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். லாபநோக்கற்ற அமைப்பு என்றாலே எச்-1பி என்ற வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது தவறு. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள் போன்றவற்றுக்குத்தான் அந்த விலக்கு. வழக்காடுவதும் பரப்புரை செய்வதுமாக இருக்கும் அமைப்பு பெரும்பாலும் ஆண்டுக்கு 85,000 விசா என்ற வரம்புக்குள், அதாவது குலுக்கலுக்குள்தான் வரும். உங்கள் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லையென்றால் ஓ.பி.டி.யில் கையில் இருப்பது 12 மாதங்களே. ஆகவே உங்களுக்காக எச்-1பி.க்கு விண்ணப்பிப்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நன்கொடையில் ஓடும் அமைப்பில் ஆட்குறைப்பு சொல்லிக்கொண்டு வராது, எச்-1பி.யில் வேலை போனால் கிடைக்கும் அவகாசமோ அதிகபட்சம் 60 நாள். வருமான வரித்துறைக்கு அவர்கள் கொடுக்கும் 990 படிவம் யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை எடுத்து வரவு குறைகிறதா என்று பாருங்கள். சம்பளம் குறைவுதான், வாடகையும் அட்லாண்டாவைவிடக் குறைவு, ஆனால் கார் இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது.

இனி வேலையைப் பற்றி. ஊரில் என் சித்தப்பா இன்றும் இதைக் 'குடியுரிமை' அலுவலகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தன் மகனுக்கு ஏதாவது பார்த்துச் செய்யச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டார். அவரைப் போலவே நானும் வேறு ஏதோ நினைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன். கட்டுரை என்றால் கோபம், கோபம் என்றால் நடை என்று எண்ணியிருந்தேன். என் முதல் கட்டுரையின் முதல் வரி, ஒரு மாவட்டத்தில் ஏழு வாக்குச்சாவடிகள் மூடப்பட்டன என்பது. எங்கள் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியையாக இருந்த அறுபது வயதுக் கறுப்பினப் பெண்மணி ஓரத்தில் சிவப்பு மையில், "மூடியது யார்?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கூட்டக் குறிப்பேடுகளை ஒன்றரை நாள் படித்தபோது, மூடப்பட்டவை ஐந்தே என்பதும், மற்ற இரண்டும் அதே தெருவில் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தன என்பதும், ஆணையர்களில் யார் யார் கைதூக்கினார்கள் என்பதும் தெரிந்தது. 2013-இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை, அலபாமாவில் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்; அதற்குப் பிறகு வேண்டாம். அந்தக் குறிப்பேட்டை யாராவது உட்கார்ந்து படித்தால்தான் விஷயம் வெளியே வரும் என்ற நிலை அப்படித்தான் உண்டாயிற்று. அந்த யாராவது என்பவர்தான் ஸ்டாஃப் ரைட்டர்.

ஏழுக்கும் ஐந்துக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஊரின் வரலாறே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1960 மார்ச் 29 அன்று மார்ட்டின் லூதர் கிங்குக்காக நிதி திரட்டும் முழுப்பக்க விளம்பரம் ஒன்று நியூயார்க் டைம்ஸில் வந்தது. கிங் நான்கு முறை கைதாகியிருக்க, அதில் ஏழு முறை என்று இருந்தது. மாணவர்கள் பாடிய பாட்டும் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தில் தன் பெயரே இல்லாத சல்லிவன் என்ற மாண்ட்கோமரி நகர ஆணையர் அவதூறு வழக்குப் போட, உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. தங்கள் பெயர் அதில் சேர்க்கப்பட்டதையே அறியாத நான்கு கறுப்பினப் போதகர்களும் அந்த வழக்கில் சிக்கினார்கள். அவர்களுடைய கார்களைக்கூடப் பறிமுதல் செய்தார்கள். 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஒருமனதாகப் புரட்டியது உண்மைதான், ஆனால் அதுவரை நான்கு ஆண்டுகள் அந்தச் சிறு பிழைகளைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு குடிமை உரிமை இயக்கத்தின் கழுத்தை நெரித்தது. எனவேதான் இங்கே ஒவ்வொரு தகவலுக்கும் ஓரத்தில் ஆதாரம் எழுதுகிறோம், வழக்கறிஞர் பார்க்கிறார், பெயர் போடும் முன் உரியவரிடம் மறுபடியும் கேட்கிறோம். ஆயிரம் சொல் கட்டுரைக்கு மூன்று வாரம் ஆகும்; அதற்கும் மனம் தயாராக இருக்க வேண்டும். வேட்பாளர் எவரையும் ஆதரித்தோ எதிர்த்தோ அமைப்பின் பெயரில் ஒரு வரியும் எழுதக்கூடாது. மீறினால் வரிவிலக்கே போய்விடும்.

மாண்ட்கோமரியை ஒட்டிய லவுண்ட்ஸ் கவுண்டிக்கு முதல்முறை போனபோது, கோவில்பட்டிப் பக்கத்துக்காரியான எனக்கு மண்ணைப் பார்த்ததுமே காலடி பழகிவிட்டது. கரிசலைப் போலவே மழைக்கு உப்பிப் பிசுபிசுத்து, வெயிலுக்கு வெடிக்கும் களிமண். அது நீரை உறிஞ்சாததால் சாதாரண செப்டிக் டேங்க் அங்கே வேலை செய்யாது. தகுந்த அமைப்பைக் கட்ட ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாததால், கழிவு நேராகக் குழாய் வழியே கொல்லையில் போய் விழுகிறது. அதன் பொருட்டு 2021-இல் மத்திய அரசின் நீதி அமைச்சகம் தொடங்கிய விசாரணை 2023 மே மாதத்தில் மாநிலச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்பாட்டில் முடிந்தது; 2025 ஏப்ரலில் அதே அமைச்சகம் அந்த உடன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டது. நாம் வெற்றி என்று எழுதியதை நாமே திறந்து திருத்தி எழுதும் நாள் இந்த வேலையில் வரும், அதற்குச் சம்பளம் தனியாகக் கிடையாது.

தகுதி பற்றிய உங்கள் கேள்விக்கு நான் பட்டதையே சொல்கிறேன். சேர்ந்த புதிதில், ஒரு மதிய உணவு வேளையில், சாதி என்றால் என்ன என்று விளக்குவதாக நினைத்து, எங்கள் ஊரில் வேலையாட்களுக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டிருந்தது என்று அந்த ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கட்டுரையின் ஓரத்தில் எழுதிய அதே கேள்வியைக் கேட்டார்: "வைத்தது யார்?" தொழுவத்து இறவாரத்தில் அதைச் செருகி வைத்தது என் பாட்டி, அதில் கை படாமல் உயரத்திலிருந்து மோர் ஊற்றியது பல நாள் நான். அதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் ஆறுதலும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. அடுத்த வாரமே தன்னோடு லவுண்ட்ஸுக்கு வரச் சொன்னார்.

நேர்காணலுக்கு முன் உங்களுக்கு ஒரு தேர்வுக் கட்டுரை கொடுப்பார்கள். அதை ஓரத்தில் ஆதாரக் குறிப்போடு அனுப்புங்கள், கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். அதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், என்னிடமும் இப்போது ஒரு சிவப்புப் பேனா இருக்கிறது.