பட்டியலின் முதல் வரி

அன்புள்ள ஐயா,

மருத்துவப் படிப்பும் பயிற்சி மருத்துவர் காலமும் முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அமெரிக்காவில் பொது மருத்துவத்தில் ரெசிடென்சி (மருத்துவமனையில் மேற்பயிற்சி) செய்ய விரும்புகிறேன். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் தேர்வுக்கே படி என்கிறார்கள் சீனியர்கள். அவர்களில் ஒருவர், ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் முறைக்கு நாம் தரும் விருப்பப் பட்டியலில் எட்டாத மருத்துவமனையை முதலில் எழுதினால் அந்த வரி வீண், கிடைக்கக்கூடியதையே முதலில் எழுது என்கிறார். இவையெல்லாம் சரிதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் சீனியர் சொல்வது தவறு. இதை நம்பி, ஆசைப்பட்ட இடத்தைத் தாங்களே கீழே தள்ளிக்கொள்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மேட்ச் தொடங்கியது 1952இல். இன்றைய கணக்கு முறை ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் இருவரும் வடிவமைத்தது. 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. (ராத் 2012இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்.) மருத்துவமனைகளும் தங்களுக்கு வேண்டியவர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் தருகின்றன. கணினி முதலில் உங்கள் முதல் விருப்பத்தில் உங்களை உட்கார வைத்துப் பார்க்கும். அந்த மருத்துவமனை உங்களுக்கு மேலாக எழுதியவர்களாலேயே இடங்கள் நிரம்பிவிட்டால் இரண்டாவதற்கு நகர்த்தும். அங்கே ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருக்கலாம். ஆனால் அந்த மருத்துவமனை உங்களை அவருக்கு மேலே எழுதியிருந்தால் அவர் எழுந்து வழிவிட்டாக வேண்டும். கடைசிவரை எல்லா இருக்கைகளும் தற்காலிகமானவை. ஆகவே முதல் வரி கைகூடாததால் இரண்டாம் வரியில் நீங்கள் எதையும் இழப்பதில்லை. மனம் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். போக மனமில்லாத இடத்தை மட்டும் எழுதவே வேண்டாம். கிடைத்துவிட்டால் போயாக வேண்டும்.

வேலையை விடுவது பற்றி. விடாதீர்கள். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1இல், 2022 ஜனவரி முதல் தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே முடிவு, மதிப்பெண் கிடையாது. அதனால் எடை முழுவதும், மருத்துவ அறிவை நோயாளியிடம் பயன்படுத்துவதைச் சோதிக்கும் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே மேல் விழுந்திருக்கிறது. ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் நடக்கும் அந்தத் தேர்வில் பெரும்பாலான கேள்விகளும் ஒரு நோயாளியின் கதையோடுதான் வரும். நேற்று வார்டில் நின்றவர் அதைப் படிக்கும் விதமே வேறு. மேலும், படிப்பு முடித்து எத்தனை ஆண்டுகள் ஆயின, இடையில் என்ன செய்தீர்கள் என்று பல மருத்துவமனைகள் பார்க்கின்றன. நேரம் குறைவான வேலைக்கு மாறுங்கள், ஸ்டெப் 2க்கு முன் சில வாரங்கள் விடுப்பு எடுங்கள். அது போதும்.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமானது. வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத மருத்துவர்களில் அண்மை ஆண்டுகளில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்குத்தான் மேட்ச் கிடைக்கிறது. மார்ச் மாதத் திங்கட்கிழமை, கிடைத்ததா இல்லையா என்று மின்னஞ்சல் வரும். எந்த மருத்துவமனை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். முதல் முறை என் திங்கட்கிழமை இல்லை என்றது. அன்று இரவு எனக்கு வார்டில் பணி இருந்தது. போகவே பிடிக்கவில்லை, ஆனாலும் போனேன். மூச்சுத்திணறலோடு வந்த ஒரு முதியவரை விடியும்வரை பார்த்துக்கொண்டேன். காலையில் அவர் படுத்துத் தூங்கினார். அந்த இரவை ஒரு மூடிய அறையில் கழித்திருந்தால் நான் மறு ஆண்டு விண்ணப்பித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

விசாவையும் இப்போதே யோசியுங்கள். பயிற்சிக்கு வருபவர்களுக்குத் தரும் தற்காலிக விசாவான ஜே-1இல் போனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் நாடு திரும்பி இருக்க வேண்டும். அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டு விலக்குப் பெற வேண்டும். அதற்கு ஒரு மாநிலம் ஆண்டுக்கு 30 பேரை மட்டுமே பரிந்துரைக்கலாம். வீட்டில் இருப்பவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நேர்காணல் வரும்போது அங்குள்ள ரெசிடென்ட்களிடம் தனியாகப் பேச வாய்ப்பு தருவார்கள். வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பு 2003 முதல் இருக்கிறது. உண்மையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். பதில் சொல்லும் முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.