கேப்டன் தொப்பி யார் தலையில்?

ஃபேன்டஸி கிரிக்கெட் (நிஜ ஆட்டக்காரர்களில் பதினொருவரைச் செயலியில் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) ஆடும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மூன்று பெரிய ஆட்டக்காரர்களை எடுத்ததுமே கிரெடிட் கரைந்துவிடுகிறது. மீதி எட்டுப் பேரை எப்படிப் பிடிப்பது? (கோவில்பட்டி வாசகர்)

கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினொருவரை வாங்க உங்கள் கையில் இருப்பது 100 கிரெடிட்; ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. மூவரும் தலா 10.5 என்றால் 31.5 போகும். மீதி 68.5-ஐ எட்டால் வகுத்தால் ஆளுக்கு எட்டரை கிரெடிட்டுக்குச் சற்று மேலேயே கிடைக்கும். அது தாராளம். விலை மலிவு என்று ஏழாவது இடத்தில் இறங்கும், பந்தும் வீசாத ஒருவரைச் சேர்ப்பதுதான் கோளாறு. டி20-யில் ஒரு அணிக்கு 120 பந்து. முதல் மூன்று பேரே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுவார்கள். ஏழாமவர் பல நாள் கால்காப்பைக் கட்டியபடியே உட்கார்ந்திருப்பார். பெயரைப் பார்க்காமல், எத்தனை பந்து ஆடுவார், எத்தனை ஓவர் வீசுவார் என்று பாருங்கள். காயம்பட்ட ஓப்பனருக்குப் பதிலாக மேலே ஏற்றப்பட்டவரின் விலை உடனே ஏறிவிடாது. மலிவு சரக்கு அங்கேதான் இருக்கிறது.

ஓவருக்குப் பத்து ரன் கொடுக்கும் பந்துவீச்சாளரை எல்லோரும் எடுக்கிறார்களே, ஏன்? (வேலூர் வாசகி)

விக்கெட்டுக்காக. புள்ளி விதி செயலிக்குச் செயலி மாறினாலும், ஒரு விக்கெட்டுக்கு 25-லிருந்து 30 புள்ளி வரை தருவது வழக்கம். ரன் வாரிக் கொடுத்தால் கழிவது 2 முதல் 6 வரைதான். 17-வது ஓவருக்குப் பிறகு மட்டையாளர் எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கப் பார்ப்பார். எல்லைக்கோட்டில் கேட்ச் விழும். ஹர்ஷல் படேல் ஐபிஎல்லில் 2021-இல் 32, 2024-இல் 24 விக்கெட் எடுத்து, அதிக விக்கெட் எடுப்பவருக்கான பர்ப்பிள் கேப்பை இரண்டு முறை வாங்கினார். 2024-இல் அவர் ஓவருக்கு 9 ரன்னுக்கு மேல் கொடுத்தவர். நடு ஓவரில் கட்டுப்பாடாக வீசி விக்கெட் இல்லாமல் போகும் சுழல் பந்துவீச்சாளர் நிஜ அணிக்குப் பொக்கிஷம், உங்கள் அணிக்குச் சுமை.

டாஸ் முடிந்ததும் அணியை மாற்றினேன். நான் நீக்கியவர் பிறகு வந்து அடித்தார்! (தஞ்சாவூர் வாசகர்)

இம்பாக்ட் பிளேயர் விதியின் வேலை இது. 2023 முதல் ஐபிஎல்லில் பதினொருவரோடு ஐந்து மாற்று ஆட்டக்காரர்களின் பெயரையும் டாஸின்போது கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஆட்டத்தின் நடுவே பதினொருவரில் ஒருவருக்குப் பதிலாக இறக்கலாம்; அவர்தான் இம்பாக்ட் பிளேயர். முதலில் பந்துவீசும் அணி ஒரு மட்டையாளரை வெளியே வைத்துவிட்டு, துரத்தும்போது உள்ளே கொண்டுவரும். மும்பை அணி 2025-இல் ரோஹித் சர்மாவை இப்படிப் பல ஆட்டங்களில் பயன்படுத்தியது. ஆகவே பதினொன்றில் பெயர் இல்லை என்றதும் வெட்டிவிடாதீர்கள். மாற்றுப் பட்டியலையும் படியுங்கள். அதில் வெளிநாட்டவர் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பதினொன்றில் ஏற்கெனவே நான்கு வெளிநாட்டவர் இருந்தால் அவர் இம்பாக்ட் பிளேயராக வர முடியாது.

இரவு ஆட்டத்தில் டாஸ் 7 மணி, ஆட்டம் 7.30. கடைசி ஐந்து நிமிடம் செயலி திணறும். யார் முதலில் ஆடினால் எந்த அணி என்று இரண்டு அணிகளை மதியமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டனாக ஆல்ரவுண்டரைத்தான் போட வேண்டுமா? (நாமக்கல் வாசகர்)

நான்கு ஓவரும் வீசி, முதல் ஐந்துக்குள் இறங்குபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஒரு ஓவர் மட்டும் வீசும் 'ஆல்ரவுண்டர்' பட்டியலில்தான் ஆல்ரவுண்டர். உங்கள் அணியில் நீங்கள் கேப்டனாகப் போடுபவருக்கு இரு மடங்கு புள்ளி, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. 80 புள்ளி எடுத்தவர் கேப்டன், 40 எடுத்தவர் வைஸ் என்றால் மொத்தம் 220. மாற்றிப் போட்டால் 200. இருபது புள்ளிதான் நட்டம். ஆனால் 80 எடுத்தவருக்கு இரண்டு பதவியும் தராமல், 10 எடுத்தவரைக் கேப்டன் ஆக்கினால் 70 புள்ளி காலி. எனவே முதலில் இருவரைத் தேர்ந்தெடுங்கள், யாருக்கு எது என்பதில் மண்டையை உடைக்காதீர்கள். பத்துப் பேர் ஆடும் நண்பர்கள் குழுவில் எல்லோரும் போடும் கேப்டனையே போடலாம். லட்சம் பேர் ஆடும் போட்டியில் கூட்டத்தோடு போனால் கூட்டத்தோடுதான் நிற்பீர்கள்.

பணம் கட்டி ஆடலாமா? (ஓசூர் வாசகர்)

கூடாது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. இலவசப் போட்டிகளில் ஆடுங்கள்.