துலக்கிய ராணி ரூபாயும் தங்கையின் பங்கும்

கேள்வி: காலமான என் தந்தை சேர்த்த பழைய நாணயங்கள் என்னிடம் உள்ளன. 1862 என்று பொறித்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய்கள் சில, ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய் ஒன்று, அமராவதி ஆற்றில் மணல் சலிப்பவர்களிடம் வாங்கிய இராஜராஜன் செப்புக்காசுகள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சென்ற மாதம் திதியன்று படத்தின் முன் வைப்பதற்காக அம்மா எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிட்டார். இனி எடைக்குத்தான் போகும் என்கிறார் வியாபாரி. இவற்றை வைத்திருப்பதா, விற்றுவிட்டு நல்லவையாக வாங்குவதா? தொகுப்பைப் பிரிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியானவன்; என் தங்கை ராணி ரூபாய் ஒன்று கேட்டபோதுகூட மறுத்துவிட்டேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூடப் பிறந்தவளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் குலைந்துவிடும் என்று நீங்கள் பூட்டிவைத்த அதே தொகுப்பை, பளபளப்பு ஏறிவிட்டது என்பதற்காக வியாபாரியின் தராசில் கொட்ட இன்று தயாராகிவிட்டீர்கள். அப்படியானால் இத்தனை நாள் நீங்கள் காத்துவந்தது அப்பாவின் தொகுப்பையா, அதன் விலையையா? நகை, பாத்திரம், நிலம் என்று பொருள் மாறி மாறி இத்தகைய கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. கேட்டவள் தங்கை, மறுத்தவன் அண்ணன் என்பது மட்டும் மாறுவதில்லை. தந்தை உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சம்பாத்தியத்தில் மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் மனைவிக்கும் உண்டு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லித்தான் இது ஓர் அண்ணனுக்குத் தெரிய வேண்டுமா என்பது வேறு கேள்வி.

நாணயங்களுக்கு வருவோம். சேதம் உண்மைதான். வெள்ளியின் மேல் படியும் கறுப்பு வெறும் அழுக்கன்று; காற்றிலுள்ள கந்தகம் அந்த வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய படலம் அது. ஆகவே, அதைத் தேய்த்தெடுக்கும்போது நாணயத்தின் வெள்ளியும் சிறிது போகிறது. விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தால் சாம்பல் கீறிய மயிரிழைக் கோடுகள் தெரியும். அவை இனி மறையப்போவதில்லை. ஆனால், ஆண்டைக்கூட மாற்றாமல் 1862 என்றே பல ஆண்டுகள் ஏராளமாக அச்சிடப்பட்ட ரூபாய் அது. 11.66 கிராம் எடையில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி கொண்ட, கைமாறித் தேய்ந்த அத்தகைய ரூபாய்க்கு வெள்ளி விலையைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. வியாபாரி சொன்னதைச் சாக்காக வைத்து அம்மாவின் மேல் பழி போடாதீர்கள். தன் கணவரின் படத்துக்கு முன் கறுத்த காசை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

1911 ரூபாயைத் துலக்கியிருந்தாலும் விற்காதீர்கள். அரசரின் மேலங்கியில் இருக்கும் யானை பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே அச்சைத் திருத்திய நாணயம் அது. உருப்பெருக்கியை வைத்து அந்தக் குட்டையான தும்பிக்கையைப் பாருங்கள். அது தெளிவாக இருக்கும்வரை நாணயத்தின் கதைக்குக் குறைவில்லை.

உண்மையான இழப்பு செப்புக்காசுகளில்தான். நூற்றாண்டுகளாகப் படிந்த பழுப்புப் பச்சைத் தோலைப் புளியின் அமிலம் உரித்துவிட்டது. அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் பொறித்த இராஜராஜன் பெயரும் இனி முன்போல எடுப்பாகத் தெரியாது. இருந்தாலும் வைத்திருங்கள். அப்பா தேடி வாங்கிய காசுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. மிச்சமிருக்கும் புளிப்பு போகும்படி காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து உலரவிடுங்கள். எண்ணெய் தடவுவது, வார்னிஷ் பூசுவது, செயற்கையாகக் கறுக்கவைப்பது எதுவும் வேண்டாம். வெளிர்பச்சைப் பொடி பூக்கும் காசு இருந்தால் அதைத் தனியே பிரித்து வையுங்கள். அது உலோகத்தை அரிக்கும் நோய். பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள். யார், எப்போது, எதற்காகத் துலக்கினார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். எதையாவது விற்க நேர்ந்தால் அந்தச் சீட்டைக் காட்டித்தான் விற்க வேண்டும்.

ஆனால் இவற்றில் எதைச் செய்வதற்கு முன்பும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போங்கள். பொறுக்கிய ஒன்றை நீங்களாக எடுத்து நீட்டாமல் எல்லாவற்றையும் அவள் முன் பரப்பி, முதலில் அவளை எடுக்கச் சொல்லுங்கள். அவள் கை 1911-இன் மேல் போனாலும் வாயைத் திறக்காதீர்கள். அடுத்ததாக அம்மாவைக் கேளுங்கள். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் அவர் சொல்வார். அதைக் கேட்டவுடன் பெட்டியை மூடிவிடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.